இரண்டு விரல் தள்ளி

துப்பாக்கியை எடுப்பதற்கு முன் அக்கா வலது கையை மேல்கோட்டில் மூன்று முறை துடைத்துக்கொள்வார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, கடைசியாகச் சுட்டுவிரல் மட்டும் தனியாக. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு இடது காலை அரையடி முன்னால் வைப்பார். திரையில் ஒரு சரக்கு ரயில் புகை விட்டபடி கிளம்பும். மேலேயிருந்து ஓர் இரும்புக் காக்கை இறங்கும். அக்கா காக்கையைக் குறி வைக்க மாட்டார். காக்கைக்கு இடப்பக்கம், இரண்டு விரல் தள்ளி, ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்த்துச் சுடுவார். காக்கை பொத்தென்று விழும்.

காலை ஒன்பதரை மணி. பத்து மணிக்குத்தான் விளையாட்டுக்கூடம் திறக்கும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது மூன்று பேர்: அக்கா, இயந்திரங்களைப் பழுது பார்க்கும் நான், வாசலில் சோளப்பொரி இயந்திரத்தைச் சூடேற்றிக்கொண்டிருக்கும் பாப்கார்ன்காரம்மா. அந்தம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"வீட்டுல கரப்பான் பூச்சியப் பாத்தா கட்டில் மேல ஏறுற ஆளு. இங்க வந்து வேட்டையப் பாரு."

"கரப்பான் பூச்சி ரெண்டு விரல் தள்ளி நிக்காதுடி," என்பார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது நேரா கால்மேலதான் வரும்."

இந்த வணிக வளாகத்தின் இரண்டாம் மாடி முழுவதையும் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. இரண்டு கழிப்பறைகள், நீண்ட நடைபாதை ஒன்று, நகரும் படிக்கட்டின் கைப்பிடிகள், கடைசியில் எங்கள் கூடம். ஐம்பத்திரண்டு வயது. காலை ஆறு மணிக்கு வந்து மதியம் இரண்டுக்குப் போவார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. வளாகத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்காரர்கள் முதல் லிஃப்ட் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் காக்கா அக்கா.

ஒன்பது வருடங்களுக்கு முன், துப்பாக்கிகளின் கைப்பிடிகளை மருந்து தொட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளின் கைப்பிசுக்கு. துடைக்கும்போது விசை தவறுதலாக அமுங்கி, திரையில் ஒரு காக்கை செத்து விழுந்திருக்கிறது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று பயந்து சுற்றுமுற்றும் பார்த்தாராம். பார்த்தது முதலாளிதான். அவர் திட்டவில்லை. இன்னொரு முறை சுடுங்கள் என்றாராம். அக்கா இந்த முறை நன்றாகக் குறி பார்த்துச் சுட்டார். தவறிவிட்டது. "தெரியாம சுட்டா விழுது, தெரிஞ்சு சுட்டா விழ மாட்டேங்குது. அது எனக்கு மனசுல குடைஞ்சுகிட்டே இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னார். மறுநாளும் துடைத்தார். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்தார்: துப்பாக்கி பொய் சொல்கிறது. ஆனால் ஒழுங்காக, ஒரே மாதிரி, இரண்டு விரல் பொய். அன்றிலிருந்து தினமும் கூடம் திறக்குமுன் ஓர் ஆட்டம். முதலாளியின் அனுமதி.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே பெயர்ப் பலகையின் விளக்கு எப்போதோ அணைந்துபோனதால் அதற்கு ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு மலையூருக்கு மருந்து ஏற்றிப் போகும் ரயில். வழியெல்லாம் இரும்புக் காக்கைகள் வந்து பெட்டிகளைக் கிழிக்கும். நாம் அவற்றைச் சுட்டுக்கொண்டே ரயிலை ஆறு கட்டங்கள் கடத்தி ஸ்டேஷனில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கதை. செய்தவர்கள் அவசரத்தில் செய்திருக்கிறார்கள். காக்கை வருவதற்கு முன்பே அதன் நிழல் பெட்டியின்மேல் விழுந்துவிடும். மூன்றாம் கட்டத்தின் நடுவில் இசை நின்றுபோகும், அது பிறகு திரும்ப வராது. எதிர்ச் சுவரை ஒட்டி, செத்தவர்கள் எழுந்து வரும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் ரத்தம் திரை முழுக்கத் தெறிக்கும். சனி ஞாயிறுகளில் அங்கே வரிசை நிற்கும். ரயிலிடம் வருகிறவர்கள் அங்கே இடம் கிடைக்காதவர்கள்.

வந்தவர்களும் நிற்பதில்லை. இரண்டாம் கட்டம் முடிந்ததும் ரயில் ஒரு பாலத்தின்மேல் போகும். கீழே ஆறு, பின்னால் சாய்ந்த வெயில். காக்கைகள் வராது. பதினான்கு வினாடிகளுக்கு எதுவுமே நடக்காது. ஏதோ வைக்க நினைத்து விட்டுப்போன இடம் என்று நினைக்கிறேன். பாதிப் பேர் இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்து துப்பாக்கியை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் என்னைக் கூப்பிட்டுப் புகார் சொல்வார்கள்.

அக்காவுக்கு ஆட்டத்திலேயே பிடித்த இடம் அந்தப் பாலம்தான். துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்வார். முதுகை நிமிர்த்துவார். சில நாட்களில் கோட்டுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்து மூடி வைக்கவும் அவருக்கு நேரம் இருக்கும். அந்தப் பதினான்கு வினாடிகளை அவர் கடிகாரம் இல்லாமல் அறிவார். ரயில் கரையைத் தொடுவதற்கு அரைக் கணம் முன் துப்பாக்கி மேலே வந்துவிடும்.

"காலையில இருந்து இங்க நிக்காத, அங்க நிக்காத, வழிய விடுன்னு கேட்டுட்டு வரேன். இவன் ஒருத்தன்தான் நமக்கு நிக்கிறதுக்குன்னு ஒரு எடம் விட்டு வெச்சிருக்கான்," என்று ஒருநாள் சொன்னார். இவன் என்றது அந்த விளையாட்டைச் செய்தவனை. இசை நின்றுபோவதைப் பற்றிக் கேட்டதற்கு, பாட்டு நின்றால்தானே சக்கரம் கேட்கிறது என்றார். நிழல் முன்னாலேயே விழுவது அவருக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிற எதிரியை வேறு எங்கே பார்க்க முடியும் என்பது அவர் கட்சி.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் விளக்குக்காரர் வருவார். தண்டவாளத்துக்கு இடப்பக்கம், கையில் ஒரு லாந்தரைத் தூக்கிப் பிடித்து, வழி சரியாக இருக்கிறது என்று காட்டுகிற ஆள். அவரைச் சுட்டால் ஆட்டம் முடிந்தது. ஆனால் கடைசிக் காக்கை இறங்கும் அதே நொடியில், அதற்குப் பக்கத்திலேயே அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். அதுவும் ஒரு கோளாறுதான். விளையாடுகிற பத்துப் பேரில் ஏழு பேர் அவரைச் சுட்டுவிடுவார்கள். அக்கா ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு முறை சுட்டிருக்கிறார், அதுவும் முதல் மாதத்தில். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று பாப்கார்ன்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா அதைப் பற்றிப் பேசியதில்லை.

எதற்கும் அவரிடம் ஒரே அளவுகோல்தான். நடைபாதைக் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும். பெண்கள் கழிப்பறையின் மூன்றாவது குழாய் எதிர்ப்பக்கம் திருகினால்தான் திறக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் புகார் எழுதலாமா என்பார்கள். "ரெண்டு விரல் தள்ளிப் பாத்துக்க வேண்டியதுதான்," என்பார் அக்கா. மனிதர்களுக்கும் அதுதான். அவர் வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றால் பதினொன்று. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொன்னால் அடுத்த மாதம். ஒருமுறை மகள் பேசிவிட்டு வைத்ததும், வருவாளா என்று பாப்கார்ன்காரம்மா கிண்டலாகக் கேட்டார். அக்கா போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அவ பொய் சொல்லல. அவ சொல்றதுல கொஞ்சம் தள்ளி உண்மை இருக்கும். பெத்தவளுக்கு அந்தத் தூரம் தெரியாதா?"

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மின்னணுவியல். வீட்டில் எது கெட்டுப்போனாலும், எதிர்வீட்டில் எது கெட்டுப்போனாலும், என்னைத்தான் கூப்பிடுவார்கள். சரி செய்துவிட்டால் அப்பா, சரியாகிவிட்ட பொருளை இருமுறை போட்டு அணைத்துப் பார்ப்பார். அதுதான் எனக்குப் பட்டமளிப்பு. அதனாலோ என்னவோ, கோணலாக ஒன்றைப் பார்த்தால் என் கை சும்மா இருப்பதில்லை. கூடத்தில் இருபத்திரண்டு இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டு வந்தேன். ரயிலை மட்டும் யாரும் கேட்கவில்லை என்பதால் கடைசிக்கு விட்டிருந்தேன்.

இணையத்தில் அந்த விளையாட்டைத் தேடிப் பார்த்ததுண்டு. பழைய விளையாட்டுகளைப் பற்றி ஆயிரக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு எட்டு வரி கிடைத்தது. மந்தமானது, பாதி வெந்தது, செய்த நிறுவனம் இதோடு மூடிவிட்டது, தேடிப் போக வேண்டியதில்லை. எட்டு வரியில் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியவரும் பாலத்திலேயே துப்பாக்கியை மாட்டியிருப்பார் போல.

அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டேஷனைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் ஒருமுறைகூட ஸ்டேஷனைப் பார்த்ததில்லை என்று. ஒன்பது வருடமாக ஐந்தாம் கட்டத்தில் நிற்கிறார். காரணம் எளியது. ஐந்தாம் கட்டத்தில் மூன்று காக்கைகள் திரையின் இடது ஓரத்தை ஒட்டி இறங்கும். அங்கே இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளினால் துப்பாக்கி திரைக்கு வெளியே போய்விடும். வெளியே சுட்டதை இயந்திரம் கணக்கில் எடுக்காது. எவ்வளவு கெட்டிக்காரக் கை என்றாலும் அந்த மூன்று காக்கைகளை அந்தத் துப்பாக்கியால் வீழ்த்தவே முடியாது.

"போயி என்ன பாக்கணும் அக்கா?" என்று கேட்டேன்.

"அந்த விளக்குக்காரன் இருக்கான்ல, ஒவ்வொரு ஸ்டேஜா நமக்கு முன்னாடி போயி நின்னு வெளக்கக் காட்றான். எப்படியும் ஸ்டேஷன்ல எறங்கி நிப்பான். இவ்வளவு நாள் அவன் மேல படாம சுட்டிருக்கேன். ஒருதடவ பக்கத்துல பாத்துட்டா போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து ஐந்தாம் கட்டத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அதில் சிரிப்பு இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ரயில் நிற்கும் இடத்தில் பொம்மை பிடிக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்று வரப்போகிறது, மாதக் கடைசியில் ரயிலை எடுத்துவிடலாம் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அக்காவிடம் அவரே போய்ச் சொன்னார். அக்கா துடைப்பத்தின் பிடியில் இரண்டு கையையும் வைத்துக் கேட்டுக்கொண்டார். பதினோரு நாள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

பதினோரு நாள் என்றால் பதினோரு ஆட்டம். இருக்கிற துப்பாக்கியோடு பதினோராயிரம் ஆட்டம் ஆடினாலும் அவர் ஸ்டேஷனைப் பார்க்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். அதை நேராக்க எனக்கு அரைமணி நேரம் போதும் என்பதும் தெரியும்.

மறுநாள் மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில், இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் பொத்தானை அமுக்கி, பழுதுபார்ப்புக்கான மெனுப் பட்டியலுக்குள் போனேன். திரையில் ஒரு சிலுவைக்குறி வரும், அதன்மேல் சுட வேண்டும். பிறகு நான்கு மூலைகளிலும். துப்பாக்கி எவ்வளவு விலகியிருக்கிறது என்று இயந்திரம் எண்களில் காட்டிவிட்டு, புதிய எண்களைப் பழையவற்றின்மேல் எழுதிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லித்தந்தது ஒன்றுதான்: எதையும் தொடுவதற்குமுன் இருந்த அளவைக் குறித்துக்கொள். நான் குறித்துக்கொள்ளவில்லை. கோணலான எண்களை எதற்குக் குறித்து வைப்பது என்று நினைத்தேன்.

அதே பட்டியலில் எந்தக் கட்டத்தையும் நேராகத் திறந்து பார்க்கும் வசதி இருந்தது. துப்பாக்கி சரியாகிவிட்டதா என்று சோதிக்க ஐந்தாம் கட்டத்தைத் திறந்தேன். ஓரத்துக் காக்கை மூன்றும் மூன்றே குண்டில் விழுந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு ஆறாவதையும் ஆடி, ஸ்டேஷனையும் பார்த்தேன். ரயில் வந்து நிற்கிறது. வலப்பக்கம் நீளமாக ஒரு நடைமேடை. அதில் ஒரு பலகை, ஒரு பெஞ்சு. யாரும் இல்லை. வரைந்து முடிக்கவில்லை போலும், பெஞ்சுக்குக் கால்கூட இல்லை. மூன்று வினாடியில் திரை கறுத்துவிட்டது.

அதைப் பற்றி அப்போது அதிகம் யோசிக்கவில்லை. நாளை காலை அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் மனதில் ஓடியது. சொல்லாமல் வைத்திருந்து அசத்த வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை. உள்ளங்கை, புறங்கை, சுட்டுவிரல். இடது கால் அரையடி முன்னால். முதல் காக்கை இறங்கியது. அக்கா இரண்டு விரல் தள்ளிச் சுட்டார். குண்டு அவர் குறி வைத்த இடத்துக்கே, வெறும் வானத்துக்கே போனது. காக்கை பெட்டியைக் கிழித்தது. அடுத்ததும் தவறியது. முதல் கட்டத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அவர் பாலத்தைப் பார்க்காத காலை அநேகமாக அதுதான்.

அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். விரல்களை விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்தார். துணியைப் பிழிந்து பிழிந்து அந்த மணிக்கட்டில் வலி வருவதுண்டு. நரம்பு தேய்கிறது, கனமாகத் தூக்காதீர்கள் என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்.

"கை போயிடுச்சு போல தம்பி," என்றார்.

அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. முதலாளி உள்ளே வந்தார், பாப்கார்ன்காரம்மா ஏதோ கேட்டார், பத்து மணியாகிவிட்டது. இவையெல்லாம் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். படித்தவன் தவறு செய்துவிட்டான் என்று அவர் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு அவருக்கே பழகிவிடும், பிறகு சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளும் அதேதான். பாப்கார்ன்காரம்மா அன்று கிண்டல் செய்யவில்லை. அதுவே எனக்குக் கிண்டலைவிட மோசமாக இருந்தது. மூன்றாம் நாள் அக்கா மணிக்கட்டில் பட்டையாகத் துணி சுற்றிக்கொண்டு வந்தார். மருந்து வாசனை அடித்தது. துப்பாக்கியை எடுக்காமல், துடைத்து மட்டும் வைத்துவிட்டுத் திரும்பியபோது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டேஷனைப் பார்த்ததைத் தவிர.

 அவர் மணிக்கட்டின் துணியை மெல்ல அவிழ்த்தார்.

"நேராக்கிட்டீங்களா?"

"உங்களுக்காகத்தான் அக்கா. அந்த ஓரத்துக் காக்கா..."

"அது சரி. மொத நாளே சொல்லியிருக்கலாம்ல தம்பி. ரெண்டு ராத்திரி வலிக்காத கைக்கு மருந்து போட்டுத் தேச்சிருக்கேன். மகளுக்குப் போன் போட்டு, இனிமே அம்மாவால வேலைக்குப் போக முடியுமோ முடியாதோன்னு வேற சொல்லிட்டேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. துணியை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடைபாதைப் பக்கம் போய்விட்டார்.

பழையபடி ஆக்கிவிடுகிறேன் என்று அன்று மதியம் உட்கார்ந்தேன். சிலுவைக்குறிக்கு இரண்டு விரல் தள்ளிச் சுட்டு, வேண்டுமென்றே கோணலாக்கினேன். ஆனால் ஒரு கோளாறு தானாக வளர்வது வேறு, நாம் செய்து வைப்பது வேறு. பழைய துப்பாக்கி நடுவில் இரண்டு விரலும், வலது ஓரத்தில் ஒன்றரை விரலும் விலகியிருக்கிறது. திரை சூடேறச் சூடேற அது இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதையெல்லாம் அந்தக் கை தன்பாட்டில் கற்று வைத்திருந்தது. அந்த எண்கள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருந்தன, அவற்றின்மேல்தான் நான் எழுதிவிட்டேன். மறுநாள் அக்கா ஆடிப் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டுங்கெட்டானா இருக்கு தம்பி. நேராவே வெச்சிருங்க, நான் பழகிக்கிறேன்," என்றார்.

பழகிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. காக்கை இறங்கும்போது கை தானாக இடப்பக்கம் போகும், அவர் அதை இழுத்துப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வருவார். அதற்குள் ஒரு பெட்டி கிழிந்திருக்கும். ஐந்தாவது நாள் பாலத்துக்கு வந்தார். முதுகை நிமிர்த்தவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பாலத்தின் நீளம் முழுக்கத் துப்பாக்கியை நீட்டிப் பிடித்தபடியே, அடுத்த கரையில் வரப்போகும் காக்கைக்காகக் கையை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்குப் பொறுக்கவில்லை. பட்டியலுக்குள் போய் ஆறாம் கட்டத்தைத் திறந்து தருகிறேன், ஸ்டேஷனைப் பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "தூங்கிட்டே வந்து எறங்குன மாதிரி இருக்கும். வழியில என்ன இருந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றது?" மறுத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால் இல்லாத அந்தப் பெஞ்சை நான் மறந்திருக்கவில்லை.

கடைசிக் காலையில் நன்றாகத்தான் ஆடினார். இரண்டாம் கட்டம், பாலம், இசை நின்றுபோகும் மூன்றாம் கட்டம். நான்காவது முடியப்போகிறது. பாப்கார்ன்காரம்மா இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றிருந்தார். அடுத்தது ஐந்து. இந்தத் துப்பாக்கியால் அந்த ஓரத்துக் காக்கைகள் விழும். எனக்கு அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். கடைசிக் காக்கையின் நிழல் பெட்டிமேல் விழுந்தது. காக்கை வேகமாக இறங்கியது. அவசரத்தில் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. காக்கைக்கு இடப்பக்கம், இரண்டு விரல் தள்ளி.

அந்த இடத்தில் விளக்குக்காரர் நின்றிருந்தார்.

லாந்தர் கீழே விழுந்து அணைந்தது. ஆட்டம் முடிந்தது என்ற எழுத்துகள் வந்தன. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்கார்ன்காரம்மா அவர் தோளில் கை வைத்து, "விடுக்கா, பொம்மைதான," என்றார். அக்கா ஆமாம் என்றார். துப்பாக்கியின் கைப்பிடியை மருந்து தொட்டு, எப்போதும்போல மேலிருந்து கீழாக மூன்று முறை துடைத்து மாட்டினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்கு நான்கு பேர் வந்து இயந்திரத்தைப் போர்வையில் சுற்றி இறக்கிக்கொண்டு போனார்கள். அப்போது அவர் நடைபாதையின் மறுகோடியில் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். அவருக்காகச் செய்தேனா, என் படிப்புக்காகச் செய்தேனா? அவரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாரா? ஒருவேளை, சரி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பதினோரு நாளையும் முழுதாக வைத்துப் பழகியிருப்பார். இரண்டு விரல் பொய்யை ஒன்பது வருடம் ஒரு சொல் குறை சொல்லாமல் தாங்கிய கை அது. என் மூன்று நாள் மௌனம்தான் அதற்குப் பழக்கமில்லாத கோணல்.

இப்போதும் காலை ஆறு மணிக்கு வருகிறார். மணிக்கட்டு நன்றாக இருக்கிறது. கடைக்காரர்கள் இன்னும் காக்கா அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், புதிதாக வந்தவர்களுக்கு ஏன் என்று தெரியாது. ஒன்பதரை மணிக்குக் கூடத்துக்குள் வருவார். ரயில் நின்ற இடத்தில் இப்போது பொம்மைகள் குவிந்த கண்ணாடிப் பெட்டி. நான்கு பக்கமும் கண்ணாடி என்பதால் அவருக்கு வேலை கூடியிருக்கிறது. வேறு இயந்திரம் ஏதாவது ஆடிப் பாருங்கள் என்று முதலாளி சொல்லியும் அவர் எதையும் தொடவில்லை. செத்தவர்கள் எழுந்து வரும் விளையாட்டை ஒருநாள் சற்று நேரம் நின்று பார்த்தார். இதில் எங்கேயும் நிற்க இடமில்லையே என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டார்.

போன வாரம் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு அஞ்சாவது ஸ்டேஜ் சரியா இருக்கான்னு சுட்டுப் பாத்தேன்னு சொன்னீங்கள்ல. அதுக்கப்புறம் நிறுத்திட்டீங்களா, ஸ்டேஷன் வரைக்கும் போனீங்களா?"

கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். "போனேன் அக்கா."

"அவன் இருந்தானா?"

வெறும் நடைமேடை கண்ணில் வந்தது. "இருந்தாரு அக்கா. வெளக்கோட நின்னாரு."

"எந்தப் பக்கம்?"

நான் யோசிக்கவே இல்லை. நடைமேடை இருந்த பக்கம்தான் வாயில் வந்தது. "வலப்பக்கம்."

அவர் கை நின்றது. ஆறு கட்டங்களில் ஐந்தை ஒன்பது வருடம் பார்த்தவர், விளக்குக்காரரை ஒருநாளும் வலப்பக்கம் பார்த்ததில்லை. எனக்கு அது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் திரும்பி என்னை ஒரு கணம் பார்த்தார். மகளின் போனை வைத்த பிறகு அவர் முகத்தில் இருக்கும் அதே பார்வை. பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, சுட்டுவிரலைக் கோட்டில் ஒருமுறை துடைத்துக்கொண்டார். ஈரக் கண்ணாடியின் வலப்பக்கம் அந்த விரலை ஒற்றி வைத்தார். சற்று நேரம் அங்கேயே வைத்திருந்து, மெல்ல, இடப்பக்கமாக, இரண்டு விரல் தள்ளி வைத்தார்.